மூன்றாம் ஓலை

போன வாரம் என் தம்பி ஆம்ப்ரோஸை ஜன்னலோரம் நிற்க வைத்துவிட்டுப் போனேன். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதேக்கா" என்று அவன் கெஞ்சியதோடு நிறுத்தியிருந்தேன். எதைச் சொல்லக் கூடாது என்பது தெரிந்தவர்கள் அதுவரை டீயை ஆற்றிக்கொண்டிருங்கள். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

நான் ஜெமைமா. மெல்கோம் பிரபுவான ஆம்ப்ரோஸுக்கு மூத்தவள். கல்யாணம் ஆகாதவள். லண்டனில் அவன் வீட்டை நடத்துகிறவள். ஸ்டாக்ஹோமுக்குத் தூதராகப் போக வேண்டும் என்று அவன் உயிரை விட்டுக்கொண்டிருந்தான். மந்திரிகளோ, பெண்டாட்டி இல்லாத தூதர் விருந்து கொடுத்தால் யார் வருவார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

அடுத்த தெருவில் ஹெஸ்டர் வின்யார்டு. தாய் தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் சர் பார்னபி கிரேக்தான் அவளுக்குக் காப்பாளர். அவளுடைய நிலம் அவருடைய நிலத்தை ஒட்டியிருக்கிறது. அதனால் தன் மகன் ஹோரஸுக்கு அவளைக் கட்டிவைப்பது என்று மனிதர் முடிவே செய்துவிட்டார். ஹோரஸுக்குத் தன் நாய்கள் அத்தனையின் பெயரும் தெரியும். ஹெஸ்டரின் கண் என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பான்.

ஆக, போன மாதம் என் வரவேற்பறையில், என் டீயைக் குடித்துக்கொண்டே, இரண்டு பேரும் சந்தையில் மாடு பேசுவது மாதிரி பேசி முடித்தார்கள். அவள் மனைவியாக ஸ்டாக்ஹோம் வந்து விருந்து நடத்துவாள். அவன் அவளை மாமா வீட்டிலிருந்து மீட்பான். திரும்பி வந்ததும் அவள் வீடு அவளுக்கு, அவன் வீடு அவனுக்கு. "காதல் அது இதுன்னு உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன். இது என் வாக்கு" என்று என் தம்பி நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். "ரொம்ப நன்றி பிரபு" என்றாள் அவள். நான் குனிந்து கேக்கை வெட்டினேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அவள் ஸ்வீடன் பாஷை படிக்க ஆரம்பித்தாள். அங்கே குளிர் கடுமையாமே, பிரபுவுக்கு நெஞ்சுச்சளி வருமா என்று என்னிடம் தனியாக விசாரித்தாள். இவன் துறைமுகம் வரை போய், கப்பலில் எந்தப் பக்கத்து அறை ஆட்டம் குறைவு என்று கேட்டுவிட்டு வந்தான். அவளுக்குப் படகில் தலை சுற்றுமாம். இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்ததா என்ன?

வெள்ளிக்கிழமை இடி விழுந்தது. ஸ்டாக்ஹோம் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பதவி போனதற்கு என் தம்பி ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. நேரே என்னிடம் வந்து, "அவகிட்ட மட்டும் சொல்லிடாதேக்கா. இனி நான் எதுக்குன்னு கிளம்பிடுவா" என்றான். எங்கள் ஆட்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. நிச்சயம் செய்துகொண்ட கனவான் பின்வாங்கக் கூடாது. பெண்தான் அவனை விடுவிக்கலாம். ஹெஸ்டர் விடுவித்துவிடுவாள் என்று அவனுக்கு நடுக்கம்.

இன்னும் ஒன்றைச் சொன்னால் நீங்களும் என்னோடு சர்ச்சுக்குள் வந்துவிடலாம். ஹெஸ்டருக்கு இருபத்தொன்று ஆகவில்லை. பிஷப்பிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக் கட்டுவதென்றால் மாமா கையெழுத்துப் போட வேண்டும். போடுவாரா அவர்! ஆனால் ஓலை வாசித்துக் கட்டினால் கையெழுத்து தேவையில்லை. மூன்று ஞாயிறு, ஆராதனையில் வேதத்திலிருந்து இரண்டாம் பாடம் வாசித்து முடிந்ததும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று போதகர் சொல்வார். யாரும் தடை சொல்லாவிட்டால் சரி. காப்பாளர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் பாழ்.

மாமாவும் அதே சர்ச்சுக்குத்தான் வருகிறார். ஆனால் எங்கள் மாதிரி குடும்பங்களில் எவரும் இரண்டாம் பாடத்துக்கு முன்னால் உள்ளே கால் வைப்பதில்லை. பிரசங்கத்துக்குச் சற்று முன்னால் வந்தால்தானே புதுத் தொப்பியை எல்லோரும் பார்ப்பார்கள்! இரண்டு ஓலை இப்படியே தாண்டிவிட்டது. "சர்ச்சுல யாருமே இல்லக்கா" என்று ஆம்ப்ரோஸ் சந்தோஷமாகச் சொன்னான். சமையல்காரிகள், கோச்சுக்காரர்கள், கசாப்புக் கடைக்காரர், மெழுகுவர்த்திக் கடைக்காரர் குடும்பம் என்று சர்ச்சு நிரம்பி வழிந்தது. அவன் கண்ணுக்கு அவர்கள் யாருமே இல்லை. மேல்மாடத்தில் உட்காரும் வேலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். எஜமான் கேட்டால் சொல்லியிருப்பார்கள். எங்களில் எவருக்கும் அவர்களைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

மூன்றாவது ஞாயிறு விடிந்தது.

ஆம்ப்ரோஸ் சாப்பாட்டு மேசையில் உட்காரவே இல்லை. முட்டையை எடுத்தான், வைத்தான். ஜன்னலுக்குப் போனான், வந்தான். கழுத்துத் துணியை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லி வேலைக்காரனைக் கூப்பிட்டான்.

"கட்டினது நல்லாத்தான்டா இருக்கு. உக்காரு. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"இன்னிக்கோட ஓலை முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும்."

"நாளைக்குக் காலைல கல்யாணம்."

"ஆமாம். விடிஞ்சதுலேர்ந்து இதையேதான் கேக்கற."

"அதுக்குள்ள அவளுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுக்கா."

"கல்யாணத்துக்கு அப்புறம் மட்டும் தெரியாமப் போயிடுமா? பெட்டியைக் கட்டி வெச்சுக்கிட்டுக் கப்பல் எங்கேன்னு கேப்பாளே, என்ன சொல்லப் போற? கடல் வத்திப் போச்சுன்னா?"

"அப்போ பாத்துக்கலாம். அதுக்கப்புறம் அவளை அந்த மாமனால ஒண்ணும் செய்ய முடியாது. எனக்கு அது போதும்."

"ஓகோ. எல்லாம் அவளுக்காக."

"வேற எதுக்கு?"

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவன் முட்டையைப் பார்த்தான்.

"நேரா அவகிட்ட போய்ச் சொல்லேன்டா. பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

"வாக்குக் குடுத்திருக்கேன்க்கா." குரல் இறங்கிவிட்டது. "போக்கிடம் இல்லாத பொண்ணு. நம்மளை நம்பி வர்றா. இப்போ போய், 'வியாபாரம்னு சொன்னேன், மனசு மாறிடுச்சு'ன்னா என்ன நினைப்பா? மாட்டிக்கிட்டதும் வேலையைக் காட்றான்னு நினைக்கமாட்டா? வேண்டாம்னு சொல்லவும் அவளால முடியாது. வேற எங்க போவா? அவளை அந்த நிலைமைல நிறுத்தி நான் கேக்கமாட்டேன்."

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. இவனையா நான் சின்ன வயதில் குளத்தில் தள்ளிவிட்டேன்! காட்டிக்கொள்ளாமல், "முட்டையைத் தின்னு, ஆறுது" என்றேன். தின்னவில்லை.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மணி அடிக்கும்போதே சர்ச்சுக்குப் போய்விட்டோம். ஆம்ப்ரோஸை உள்ளே அனுப்பிவிட்டு ஹெஸ்டருக்காக வாசலில் நின்றேன். வழக்கமாக அவள் பணிப்பெண்ணோடு நடந்து வருவாள். மாமா அப்புறம் ஆடி அசைந்து வண்டியில் வருவார்.

அன்றைக்கு வண்டி முதலில் வந்தது. கிரேக் வீட்டு மஞ்சள் வண்டி.

முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. அப்புறம் கம்பளித் துணி சுற்றிய ஒரு கால். அப்புறம் முனகிக்கொண்டே சர் பார்னபி. கடைசியாக ஹெஸ்டர். நீலத் தொப்பிக்குக் கீழே முகத்தில் ரத்தமே இல்லை.

மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, ஆள் தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கால் ஓடச் சொன்னது. ஆனால் நான் ஒரு பிரபுவின் மகள், வாசலில் நின்று புன்னகைத்தேன்.

"என்ன லேடி ஜெமைமா, இவ்வளவு சீக்கிரமா? உங்களுக்கும் வாதமா?"

"நானே அதைத்தான் கேக்க இருந்தேன் சர் பார்னபி. பிரசங்கத்துக்குத்தானே வருவீங்க?"

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லம்மா. கட்டைவிரல்ல எவனோ ஆணி அடிக்கற மாதிரி இருக்கு. வீட்ல கத்தினா எல்லாப் பயலும் ஓடி ஒளியறான். சர்ச்சுலன்னா நல்லாத் தூக்கம் வரும். அதான் கிளம்பி வந்துட்டேன்."

அப்பாடா! மனிதருக்கு ஒன்றும் தெரியாது. தூங்கத்தான் வந்திருக்கிறார். ஆனால் தூக்கம் வருவதற்குள் ஓலை வந்துவிட்டால்?

அவர் படியில் காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில் ஹெஸ்டர் என் பக்கம் ஒதுங்கினாள்.

"அக்கா, ஸ்டாக்ஹோம் போயிடுச்சா?"

மாமாவுக்குக் கேட்டுவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"காலைல மாமா பேப்பரைப் படிச்சுக் காட்டினார். 'மெல்கோம் கோட்டை விட்டுட்டான் பாரு'ன்னு ஒரே சிரிப்பு. நிஜமா?"

"அது வந்து ஹெஸ்டர்..."

"அவருக்கு எப்போ தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. ஆனா நீ நினைக்கற மாதிரி இல்ல."

"வெள்ளிக்கிழமையே தெரிஞ்சும் வாயைத் திறக்கல." அவள் உதட்டைக் கடித்தாள். "பாவம்க்கா அவர். வாக்குக் குடுத்துட்டோமேன்னு என்னைத் தலைல கட்டிக்கப் போறார். ஆயுசு பூரா. எனக்கு அவமானமா இருக்கு."

"உனக்கென்ன பைத்தியமாடி? அவன் உன்னை..."

"ஹெஸ்டர்! குடை எங்கே? நனையறேன்ல!" மாமா கத்தினார்.

அவள் ஓடினாள். மாமா படியேற ஆரம்பித்தார். உள்ளே சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டரைத் தனியாக இழுத்துப் போய்ப் பேசுவதா, மாமாவை வாசலிலேயே நிறுத்துவதா? இரண்டில் ஒன்றுதான் முடியும். நான் மாமாவைப் பிடித்தேன்.

"சர் பார்னபி, வாதத்துக்கு முட்டைக்கோஸ் இலை கட்டிப் பாத்தீங்களா?"

"முட்டைக்கோஸா?" நின்றுவிட்டார். வாதக்காரரை நிறுத்த வேறென்ன வேண்டும்!

"வெந்நீர்ல போட்டு எடுத்து, சூட்டோட கட்டணும். எங்க அப்பாவுக்குக் கட்டினோம்."

"குணமாச்சா?"

"நல்லா நடந்தார்." எங்கள் அப்பாவுக்கு வாதமே கிடையாது. கடவுள் மன்னிக்கட்டும்.

"எங்க டாக்டர் ஒயினை விடச் சொல்றான். ஒயினை விட்டுட்டு உயிரோட இருந்து என்ன பண்றது, சொல்லுங்க?"

"அதானே!"

டாக்டரைத் திட்டினோம். டாக்டரின் அப்பாவைத் திட்டினோம். ஈரலைப் பற்றி, வெந்நீர் ஊற்றைப் பற்றி, கம்பளியா பஞ்சா என்பதைப் பற்றி அவர் பேசப் பேச நான் தலையை ஆட்டினேன். ஹெஸ்டர் குடையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவளிடம் கண்ணால் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்ட முகம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மழை வலுத்தது. "மீதியை உள்ள பேசலாம்மா, கால் நனையுது" என்று மாமா என்னை ஒதுக்கிவிட்டு நுழைந்தார். இனி கையைப் பிடித்தா இழுக்க முடியும்?

எங்கள் சர்ச்சில் குடும்பத்துக்கு ஒரு அடைப்பு. நெஞ்சுயரப் பலகைச் சுவரும் கதவும் உண்டு. உட்கார்ந்துவிட்டால் யாரும் யாரையும் பார்க்க முடியாது. நடுப்பாதைக்கு அந்தப் பக்கம் கிரேக் அடைப்பு, இந்தப் பக்கம் எங்களுடையது. மாமா உள்ளே போனார், காலைத் தூக்கி மெத்தையில் வைத்தார், முனகினார். முதல் பாடம் முடிவதற்குள் குறட்டை வந்தது. என் வாழ்நாளில் எந்த இசையும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. மேல்மாடத்தில் வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

நான் ஆம்ப்ரோஸின் காதருகே குனிந்தேன். "அவளுக்குத் தெரிஞ்சிடுச்சுடா."

அவன் முகம் வெளுத்தது. "என்ன சொன்னா?"

"நீ பாவமாம்."

"நானா? பாவமா?" எழுந்துவிட்டான். கோட்டு வாலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"எங்கடா போற? மாமா முழிச்சுக்கிட்டா குடி முழுகிடும். ஓலை முடியட்டும். முடிஞ்சதும் போய்ச் சொல்லு. காலில விழு, என்ன வேணா பண்ணு."

"வாக்கு?"

"வாக்கைத் தூக்கிக் குப்பையில போடு!" என்னையறியாமல் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்னடைப்பிலிருந்து மெழுகுவர்த்திக் கடைக்காரர் மனைவி எழுந்து எட்டிப் பார்த்தாள்.

இரண்டாம் பாடம் இழுத்தது. உதவிப் போதகர் பெட்டிஃபருக்கு ஜலதோஷம் வேறு, வசனத்துக்கு வசனம் மூக்கை உறிஞ்சினார். ஆம்ப்ரோஸ் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அடைப்பு முழுவதும் அதிர்ந்தது. நான் என் காலால் அவன் காலை மிதித்தேன். ஒருவழியாகப் பாடம் முடிந்தது. பெட்டிஃபர் காகிதத்தை எடுத்தார்.

"இந்தச் சபையைச் சேர்ந்த, விவாகமாகாத ஆம்ப்ரோஸ் தார்ன்பரி, மெல்கோம் பிரபுவுக்கும், இதே சபையைச் சேர்ந்த கன்னிகை ஹெஸ்டர் வின்யார்டுக்கும் விவாக ஓலை வாசிக்கிறேன். இவர்கள் பரிசுத்த விவாகத்தில் இணையக் கூடாதபடி நியாயமான தடை ஏதாவது உங்களில் யாருக்காவது தெரிந்தால், அதைச் சொல்லவேண்டியது. இது மூன்றாவதும் கடைசியுமான ஓலை."

சர்ச்சு மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாமாவின் குறட்டை ஒன்றுதான் கேட்டது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பெட்டிஃபர் காகிதத்தை மடித்தார். நான் ஆம்ப்ரோஸின் கையை அழுத்தினேன். முடிந்தது, தாண்டிவிட்டோம்!

"எனக்குத் தெரியும்."

கிரேக் அடைப்புக்கு மேலே நீலத் தொப்பி எழுந்தது.

"யார் அது? தடை சொல்றது யாரு?" பெட்டிஃபர் மேல்மாடத்தைத் தேடினார்.

"நான்தான். ஹெஸ்டர் வின்யார்டு."

"அம்மா, இது... இது உங்க ஓலைதானே?"

"ஆமாம். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

மேல்மாடத்திலிருந்து ஐயோ என்று பெரிய சத்தம். எங்கள் சமையல்காரியின் குரல் அதில் தனியாகக் கேட்டது. நான் அந்த இடத்திலேயே செத்தேன்.

"காரணம் ஏதாவது..."

"அவருக்கு இதால ஒரு உபயோகமும் இல்ல. முன்னாடி இருந்தது, இப்போ இல்ல. அவரா விலக முடியாது. அதனால நான் விலகறேன்." அதுவரை கணீரென்று இருந்த குரல் உடைந்தது. "அவர் ரொம்ப நல்லவர். அவரை யாரும் எதுவும் சொல்லக் கூடாது."

பெட்டிஃபர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். "இதெல்லாம் தடையாகாதே அம்மா. கூடாத உறவு, ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், அந்த மாதிரி ஏதாவது இருந்தா..."

"எனக்கு உபயோகம் இருக்கு!"

என் தம்பி எழுந்து நின்றுவிட்டான். கோட்டைப் பிடிக்க நானும் எழுந்தேன், கைக்குக் கிடைக்கவில்லை. அடைப்புக் கதவைத் திறந்துகொண்டு நடுப்பாதைக்கே போய்விட்டான்.

"பிரபு, தயவுசெஞ்சு உக்காருங்க. ஆராதனை நடக்குது."

"உக்கார மாட்டேன். மிஸ் வின்யார்டு, பதவி போனது வெள்ளிக்கிழமையே தெரியும். சொன்னா நீங்க போயிடுவீங்கன்னுதான் சொல்லல. ஸ்டாக்ஹோம் போனாப் போகட்டும். நீங்க போகக் கூடாது."

"இரக்கப்பட்டுச் சொல்றீங்க."

"இரக்கமா!" அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்கே தெரியவில்லை. "எனக்குச் சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல. நீங்க வர்ற அன்னிக்கு எங்க வீட்டுப் படி ஏறுற சத்தம் கேட்டா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது. இதுக்குப் பேரு இரக்கமா? காதல்னு தொந்தரவு பண்ணமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். இத்தனை பேர் முன்னாடி அந்த வாக்கை உடைக்கறேன். ஹெஸ்டர், எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. உன்னை மட்டும்தான் பிடிச்சிருக்கு. நீ வேண்டாம்னா வேண்டாம். ஆனா எனக்காக வேண்டாம்னு சொல்லாதே."

முதல் முறையாக அவளை 'நீ' என்றான். அவனுக்கே அது தெரிந்திருக்காது.

"அப்படிச் சொல்லு பிரபுவே!" என்று கசாப்புக் கடைக்காரர் தொடையைத் தட்டினார். அவர் மனைவி அவர் வாயைப் பொத்தினாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

ஹெஸ்டர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

"போதகரே," என்றாள், "தடையைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

பெட்டிஃபர் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். "தாராளமா. நீங்க சொன்னது தடையே இல்லையே. அப்படின்னா..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறட்டை கேட்கவில்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

கைத்தடி பலகையில் ஓங்கி விழுந்தது. நீலத் தொப்பிக்குப் பக்கத்தில் சர் பார்னபியின் சிவந்த முகம் மெல்ல எழுந்தது.

"நான் சொல்றேன் தடை. பார்னபி கிரேக். இந்தப் பொண்ணுக்குக் காப்பாளன். இவளுக்கு இன்னும் வயசாகல. எனக்குச் சம்மதம் இல்ல. இது தடையாகுமா ஆகாதா போதகரே?"

பெட்டிஃபரின் சிரிப்பு போய்விட்டது. "ஆகும்" என்றார், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல. கடைசி வரிசை வரை கேட்டது.

அவ்வளவுதான். மூன்று ஓலையும் பாழ். அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்த ஆள் பிரசங்கம் வரை தூங்கியிருப்பார், நாளைக்குக் காலையில் அவள் மெல்கோம் சீமாட்டி ஆகியிருப்பாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

மாமாவுக்கு வாதம் எங்கே போனதோ! அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். "இன்னிக்கே யார்க்ஷயருக்குக் கிளம்பற. என் தங்கச்சி வீட்ல உக்காரு. ஹோரஸ் அங்கே வருவான். அனுமதிச் சீட்டுல கையெழுத்துப் போட நான் இருக்கேன். நீ சரின்னு சொல்ற வரைக்கும் வாசல்படி தாண்டமாட்ட."

"சொல்லமாட்டேன் மாமா."

"பாக்கலாம்டி."

வெளியே கொட்டுகிற மழை. பிரசங்கத்துக்கு வருகிற வண்டிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து நின்றுகொண்டிருந்தன. புதுத் தொப்பிகள் இறங்கின. மெல்கோம் பிரபு வெறுந்தலையோடு மஞ்சள் வண்டிக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்து அத்தனை சீமாட்டிகளும் வாயைப் பிளந்தார்கள்.

வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான்.

"ஏன் முன்னாடியே சொல்லல?" உள்ளேயிருந்து ஹெஸ்டர் கத்தினாள்.

"நீ ஏன் முன்னாடியே கேக்கல?"

"முட்டாள்!"

"யாரைச் சொல்ற?"

"நம்ம ரெண்டு பேரையும்தான்!"

சாட்டை விளாசியது. குதிரைகள் பாய்ந்தன. என் தம்பி நடுத்தெருவில் நின்றுவிட்டான். நான் குடையும் இல்லாமல் போய் அவன் பக்கத்தில் நின்றேன். பதவி போச்சு, ஓலை போச்சு, பெண்ணும் போயாச்சு.

"அக்கா," என்றான், வண்டி போன திக்கையே பார்த்துக்கொண்டு. "ஊரறிய என்னை வேண்டாம்னு சொன்னாளே."

"சொன்னா."

"பிடிக்காமலா சொன்னா?"

"பிடிச்சுத்தான்டா சொன்னா. பிடிக்காதவ எதுக்குடா அந்த மாமனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுந்து நிக்கறா? தன் தலையைக் குடுத்து உன்னை விடுவிச்சா."

அவன் சிரித்தான். மழையில் நனைந்துகொண்டு, சீமாட்டிகள் எல்லோரும் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். அப்புறம் சட்டென்று திரும்பி எங்கள் கோச்சுக்காரனைக் கூப்பிட்டான்.

"எங்கடா கிளம்பற?"

"யார்க்ஷயர்."

"மாத்துத் துணி இல்ல, காலைலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல, தலைல தொப்பிகூட இல்ல!"

"வண்டில ஏறறியா இல்லையாக்கா?"

ஏறினேன். இவனைத் தனியாக விட்டால் போகிற வழியில் வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்துத் தொலைப்பான்.